சேலம், ஏற்காடு தொழில்களுக்கு அடுத்த இரண்டு வருடத் தேடல் போக்கு: உழைப்பை எதில் போடுவது?

மலைச்சரிவு

வணக்கம். ஏற்காட்டில் நாலு அறை ஹோம்ஸ்டே, கூடவே தோட்டத்துக் காபித்தூளும் மிளகும் விற்பனை. வலைத்தளம், கூகுள் மேப் பதிவு, இன்ஸ்டாகிராம் மூணும் இருக்கு. தளத்துக்கு வர்றவங்களில் பெரும்பகுதி "ஏற்காட்டில் பார்க்க வேண்டிய இடங்கள்" பக்கத்துக்குத்தான் வந்தாங்க. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில்னு வழக்கமான பட்டியல். இப்போ அந்தப் பக்கத்துக்குக் கிளிக் ரொம்பக் குறைஞ்சு போச்சு. அடுத்த ரெண்டு வருடத்துக்கு எது நிலைக்கும், எதை விட்டுடலாம்? காரணத்தோட சொன்னா நல்லா இருக்கும்.

அஸ்தம்பட்டி டெக்

அண்ணா, முதலில் எது குறைஞ்சதுன்னு பிரிச்சுப் பாருங்க. சர்ச் கன்சோலில் (தேடலில் நம்ம தளம் எப்படித் தெரியுதுன்னு காட்டும் கூகுளின் கருவி) செயல்திறன் அறிக்கையைத் திறந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டுங்க. கடைசி 3 மாதத்தைப் போன வருடத்தின் அதே 3 மாதத்தோட ஒப்பிடணும். முந்தின 3 மாதத்தோட ஒப்பிட்டா சீசன் குழப்பிவிடும். கோடை விழா நடக்கிற மே மாசத்தை ஆகஸ்டோட வெச்சுப் பார்த்து ஒண்ணும் தெரியாது. சராசரி இடம் அப்படியே இருந்து கிளிக் மட்டும் விழுந்திருந்தா, ஆளுங்களுக்குத் தேடல் பக்கத்திலேயே பதில் கிடைச்சுடுதுன்னு அர்த்தம். இடமும் சேர்ந்து இறங்கியிருந்தா பக்கத்தின் தரத்தில் கோளாறு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

இதில் ஒரு விஷயம் பலரை ஏமாத்துது. ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதியை 2025 செப்டம்பரில் கூகுள் எடுத்துடுச்சு. ரேங்க் பார்க்கும் கருவிகள் அதை வெச்சுத்தான் ஆழத்தில் கிடக்கிற முடிவுகளை எல்லாம் இழுத்துக்கிட்டு இருந்தது. அந்தப் பார்வைகளும் நம்ம கணக்கில் இம்ப்ரெஷனா (தேடலில் தோன்றின எண்ணிக்கையா) விழுந்துக்கிட்டு இருந்தது. அது நின்னதும் பல தளங்களில் இம்ப்ரெஷன் சரிஞ்சு, சராசரி இடம் முன்னேறின மாதிரி காட்டுது. அதனால செப்டம்பர் 2025-க்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது மொபைலை மட்டும் வடிகட்டி, கிளிக்கை வெச்சு முடிவு பண்ணுங்க. சர்ச் கன்சோல் 16 மாதத்துக்கு மேல எதையும் வெச்சிருக்காது, மாதம் ஒரு தடவை ஏற்றுமதி பண்ணி வெச்சுக்கோங்க.

இனி போக்கு. தேடல் முடிவுகளுக்கு மேலேயே பதிலைத் தொகுத்துக் காட்டும் ஏஐ ஓவர்வியூ இந்தியாவுக்கு வந்தது 2024 ஆகஸ்டில், ஆங்கிலத்திலும் இந்தியிலும். அதே வருடம் அக்டோபரில் தமிழையும் சேர்ப்பதா அறிவிச்சாங்க. அரட்டை மாதிரி கேட்டுப் பதில் வாங்கும் ஏஐ மோடு 2025-ல் இங்கே வந்தது. ஆயிரம் தளத்தில் இருக்கிற பட்டியலைத் திரட்டிக் கொடுக்கிற வேலையை இனி இயந்திரமே செய்யும். இடங்கள் பட்டியலுக்குப் போன கிளிக் திரும்பாது, அதைக் காப்பாத்த ஒரு மணி நேரம்கூடச் செலவு பண்ணாதீங்க.

உங்க இடத்தில் இருக்கிறவங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச தகவலுக்கு இனிமேதான் மதிப்பு. பெரிய டெம்போ டிராவலர் உங்க வாசல் வரைக்கும் வருமா? 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் வர்றது நல்லதா, குப்பனூர் வழி நல்லதா? கோடை விழாவுக்குப் போக்குவரத்தை மாத்தினா எந்தப் பக்கம் ஏறணும்? டிசம்பர் ராத்திரிக்கு வெந்நீர் எப்படி? எட்டுப் பேருக்குச் சமையலறை கிடைக்குமா, அசைவம் சமைக்கலாமா, எந்த அறையில் சிக்னல் வரும்? இதுக்கெல்லாம் பதிலை உங்ககிட்ட இருந்துதான் இயந்திரமும் எடுத்தாகணும். படிச்சுட்டு வர்றவரும் சும்மா பார்க்க வரமாட்டார், தங்கத்தான் வருவார்.

நாலுரோடு விளம்பரம்

என் கணிப்பு இன்னும் கடுமையானது. சின்னத் தொழிலுக்கு வலைத்தளமே தேவைப்படாத காலம் வருது. ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸப் போதும். தேடலுமே இப்போ அங்கேதான் நடக்குது. இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகளைத் தேடுபொறிகள் எடுத்துக்கலாம்னு 2025 ஜூலையில் திறந்துவிட்டாங்க. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரில் இருந்து 3 நிமிஷம் வரைக்கும் போகுது. மூணு நிமிஷத்தில் ஒரு ஹோம்ஸ்டேயை முழுசாக் காட்டிடலாம்.

வாட்ஸப் கணக்கையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஏபிஐ (மென்பொருளை வாட்ஸப்போட இணைக்கிற வசதி) வழியா அனுப்பும் விளம்பரச் செய்திக்கு 2025 ஜூலை 1-லிருந்து உரையாடலுக்குன்னு இல்லாம ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டணம். வாடிக்கையாளர் முதலில் எழுதினா அடுத்த 24 மணி நேரம் இலவசமாப் பதில் சொல்லலாம். வாட்ஸப்பைத் திறக்கிற விளம்பரத்தை அழுத்தி வந்தவருக்கு 24 மணி நேரத்துக்குள்ள பதில் போட்டுட்டா அந்தச் சாளரம் 72 மணி நேரமா நீளும். எல்லாருக்கும் மொத்தமா அனுப்புற பழக்கம் இனிக் கட்டாது. அவங்களா எழுத வைக்கிற மாதிரி பதிவு போடணும்.

அஸ்தம்பட்டி டெக்

ரீல்ஸ் பற்றிச் சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கிறேன். "வலைத்தளம் வேண்டாம்" என்பதை ஒத்துக்க முடியாது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோட (அதான் மேப் பதிவு) இலவசமா வந்த குட்டி வலைத்தளங்களை 2024 மார்ச்சில் மூடினாங்க. அதே வருடம் ஜூலையில் அதிலிருந்த அரட்டை வசதியையும் எடுத்தாங்க. அதை மட்டும் நம்பி இருந்தவங்க தள முகவரி சில மாசத்தில் செத்துப் போச்சு. சொந்த டொமைனில் ஐந்து பக்கமாவது இருக்கணும்: அறைகளும் கட்டணமும், வழி, விதிமுறைகள், காபித்தூள், தொடர்பு. ரீல்ஸில் சொன்ன விலை சரிதானான்னு உறுதி பண்ண ஆளுங்க அங்கேதான் வருவாங்க, ஏஐயும் அங்கேதான் வரும்.

வீடியோ போடுறவங்க தலைப்புக் குறிப்பில் ஊர்ப் பெயர், இடம், விலை, எத்தனை பேர் தங்கலாம் என்பதை எழுத்தாவே எழுதுங்க. பாட்டும் ஹேஷ்டேகும் மட்டும் போட்டா, வீடியோவைத் தேடல் எந்தக் கேள்விக்குப் பதிலாக் காட்டும்?

கொலுசுப் பட்டறை

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளித் தொழில் செய்றவங்களுக்கு இதை எப்படிப் பொருத்துறது? எங்க பொருளில் விலை தினமும் மாறும். தளத்தில் விலை போட்டா மறுநாளே பழசு. போடாம விட்டா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

அஸ்தம்பட்டி டெக்

கொலுசுக்கு விலையை ரெண்டாப் பிரிங்க. மாறாததை எல்லாம் பக்கத்தில் நிரந்தரமா எழுதுங்க: ஜோடி எடை கிராமில், நீளம் அங்குலத்தில், எத்தனை டச் (வெள்ளியின் தூய்மைச் சதவீதம்), முத்து உண்டா சலங்கை உண்டா, திருகாணியா கொக்கியா, செய்கூலி எப்படி, சேதாரம் எவ்வளவு, 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. மாறுறது அன்றைய வெள்ளி விலை மட்டும்தான். அதை ஒரே இடத்தில் மாத்தினா எல்லாப் பொருளின் விலையும் தானா மாறும்படி சர்வரிலேயே கணக்குப் போட வெச்சுடலாம்.

இதில் கோளாறு வர்றது மூணு இடத்தில். பக்கத்தில் ஒரு விலை, ஸ்கீமாவில் (தேடுபொறி படிக்கப் பக்கத்துக்குள்ள வைக்கிற தகவல் குறிகள்) வேற விலை இருந்தா, கூகுளில் பொருளைப் பட்டியலிடும் மெர்ச்சன்ட் சென்டர் அதை நிராகரிச்சுடும். விலையை ஜாவாஸ்கிரிப்ட் வழியாப் பின்னால் ஏத்தினா கூகுள் படிச்சாலும் ஏஐ நிறுவனங்களின் ஊர்திகளில் (தளங்களைத் தானா படிச்சுட்டுப் போற கிராலர் நிரல்கள்) பெரும்பாலானவை ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கிறதில்லை, அதுங்களுக்கு விலை இருந்த இடம் வெறும் கட்டம். வேகத்துக்காகப் பக்கத்தின் நகலைச் சேமிச்சு வைக்கிற கேஷ் ப்ளக்இன் பழைய பக்கத்தையே நாள் முழுக்கக் கொடுக்கிறது மூணாவது. வெள்ளி விலை மாறும் நேரத்தில் கேஷை அழிக்க ஏற்பாடு வேணும்.

கொலுசில் எனக்கு ஒரு கணிப்பும் உண்டு. 2025 செப்டம்பர் 1-லிருந்து வெள்ளி நகைக்கும் ஹெச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண்) ஹால்மார்க் வந்திருக்கு. இப்போதைக்கு விருப்பத்தின் பேரில்தான். தங்கத்திலும் விருப்பமா இருந்ததுதான் பின்னால் கட்டாயமாச்சு. வெள்ளிக்கும் அப்படி ஆனாலும் ஆகாட்டியும், "கொலுசு டச் எப்படிப் பார்ப்பது", "92.5 கொலுசுக்கும் 80 டச் கொலுசுக்கும் என்ன வித்தியாசம்" போன்ற தேடல்கள் கூடும். பட்டறைக்காரர் எழுதினா அதில் ஆழம் இருக்கும்: எந்த டச்சில் சலங்கை சீக்கிரம் தேயும், எதில் பற்றவைப்பு நிற்காது, திரும்பக் கொடுத்தா எந்தக் கணக்கில் எடுப்பாங்க. கூகுளின் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் "நேரடி அனுபவம்" என்பதைத் தனியாச் சேர்த்தாங்க. அது இந்த மாதிரி எழுத்துக்குத்தான்.

பட்டறைக்கு வாடிக்கையாளர் நேரில் வரலைன்னா பிசினஸ் ப்ரொஃபைலில் முகவரியை மறைச்சு, சேவைப் பகுதியா மட்டும் பதியுங்க. 20 பகுதி வரைக்கும் சேர்க்கலாம்.

குச்சிக்கிழங்கு

சேகோ (ஜவ்வரிசி) தொழில் பக்கமிருந்து ஒரு குறிப்பு, ஏனென்றால் போக்கைக் கணிப்பது என்றால் பலரும் கருவிகளின் போக்கை மட்டுமே பேசுகிறார்கள். வாங்குபவரின் நாட்காட்டியைக் கணிப்பது அதைவிட எளிது, பலனும் உறுதி.

சேலத்து ஜவ்வரிசியின் பெரிய சந்தை மகாராஷ்டிரம், குஜராத் போன்ற மாநிலங்கள். அங்கே அதன் பெயர் சாபுதானா, விரத உணவு. நவராத்திரி, மகாசிவராத்திரி, சிராவண மாதம், ஏகாதசி என்று தேவை ஏறி இறங்கும். கூகுள் டிரெண்ட்ஸில் பகுதியை மகாராஷ்டிரம் என்று வைத்து, ஐந்து வருட வரம்பில் சாபுதானா என்று இந்தி எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். எந்த வாரம் ஏறத் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த வாரத்திலிருந்து எட்டு முதல் பத்து வாரம் முன்னால் பக்கம் தயாராக இருக்க வேண்டும். மொத்த வியாபாரி பண்டிகைக்கு முன்பே சரக்கு எடுத்து முடித்திருப்பார். சில்லறைத் தேடல் உச்சத்தில் இருக்கும்போது பக்கம் போட்டால் அவர் கையில் சிக்கமாட்டார்.

டிரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் தேடலின் எண்ணிக்கை அன்று. அந்த வரம்புக்குள் உச்சத்தை 100 என்று வைத்த ஒப்பீடு. "சேலம் கொலுசு" மாதிரி சிறிய சொல்லைப் போட்டால் தரவே காட்டாமல் போகலாம். தேடல் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. "வெள்ளிக் கொலுசு" என்று பெரிய சொல்லைத் தமிழ்நாடு அளவில் போட்டு வளைவின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்சய திருதியைக்கும் ஆடிப்பெருக்குக்கும் அந்த வடிவம் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

பக்கத்தின் இணைய முகவரியில் வருடத்தைப் போடாதீர்கள். கோடை விழாப் பக்கமோ மாம்பழ சீசன் பக்கமோ, ஒரே முகவரியை வைத்து வருடாவருடம் உள்ளடக்கத்தைப் புதுப்பித்தால் பழைய இணைப்புகளின் பலம் கூடிக்கொண்டே போகும். வருடத்துக்கு ஒரு புதுப் பக்கம் போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சொல்லைத் தளத்தில் போடுவதற்கு முன் அதைப் பயன்படுத்தும் உரிமை உங்கள் ஆலைக்கு முறைப்படி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பதிவு பெற்றவருக்கு அது நல்ல வேறுபாடு, சான்றின் படத்தோடு போடுங்கள். நைலான் ஜவ்வரிசி, சாதா ஜவ்வரிசி, மூட்டை எடை, ஈரப்பத அளவு, நிறம் ஆகியவற்றை அட்டவணையாக இந்தியிலும் கொடுத்தால் விசாரணையின் தரமே மாறும்.

அம்மாபேட்டை எழுத்து

மொழி பற்றி நான் சேர்க்கிறேன். தமிழில் தேடுவோர் கூடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் தளத்துக்கு எத்தனை பேர் என்று யாரும் பார்ப்பதில்லை. சர்ச் கன்சோலில் வினவல் வடிகட்டியில் ரீஜெக்ஸைத் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) தேர்ந்து [அ-ஹ] என்று போடுங்கள். ஒரு தமிழ் எழுத்தாவது உள்ள வினவல்கள் மட்டும் வரும். அதே வடிகட்டியைப் "பொருந்தாதவை" என்று மாற்றினால் மீதி வரும். அதில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவர்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று விதமான ஆட்கள். தமிழ் எழுத்தில் வருவது பெரும்பாலும் குரல் வழித் தேடல் என்பது என் ஊகம். வாக்கியங்கள் நீளமாக, முழுக் கேள்வியாக இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

தமிழ்ப் பக்கத்தில் வழக்கமாகத் தவறும் இடங்கள் சில. பக்கத்தின் இணைய முகவரியைத் தமிழிலேயே வைத்தால் பகிரும்போது ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தாக விரியும். ஏற்காடு என்ற ஒரு சொல்லே 63 எழுத்து ஆகிவிடும். சில செயலிகளில் பாதியில் அறுந்து இணைப்பு வேலை செய்யாது. முகவரி ஆங்கில எழுத்தில் குட்டையாக இருக்கட்டும், தலைப்பும் உரையும் தமிழில் இருக்கட்டும். தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் ஒன்றையொன்று ஹெச்ரெஃப்லாங் குறிச்சொல்லால் (இதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்வது) சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டி மறுபக்கம் சுட்டாவிட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது. படத்துக்குள் தமிழை எழுதி ஒட்டிய கட்டணப் பலகை தேடலில் எழுத்தாகக் கணக்காகும் என்று நம்ப வேண்டாம்.

எழுத்துரு இன்னொரு சுமை. தமிழ் எழுத்துரு ஒன்றே ஒன்று, ஒரே தடிமனில், வொஃப்2 என்ற சுருக்கிய கோப்பு வடிவில், தமிழ் எழுத்து வரம்புக்கு மட்டும் வெட்டி ஏற்றுங்கள். நாலு தடிமன்களை ஏற்றினால் மலைப்பாதையில் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் வெள்ளையாக நிற்கும். எழுத்துரு வந்து சேர்ந்ததும் வரிகள் குதித்தால், அந்தக் குதிப்பை அளக்கும் சிஎல்எஸ் எண் கெடும்.

அஸ்தம்பட்டி டெக்

அக்கா சொன்னதோட வேக எண்களையும் சேர்த்துக்கலாம். எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 வினாடிக்குள், ஐஎன்பி (தொட்டதும் பக்கம் பதில் காட்ட ஆகும் நேரம்) 200 மில்லி வினாடிக்குள், சிஎல்எஸ் 0.1-க்குள். வர்றவங்களில் 75 சதவீதம் பேருக்கு இது கிடைக்கணும், 28 நாள் தரவை வெச்சுப் பார்ப்பாங்க. இன்னைக்குச் சரி பண்ணிட்டு நாளைக்கே பச்சையாகும்னு எதிர்பார்க்காதீங்க. எஃப்ஐடி என்ற பழைய அளவை எடுத்துட்டு ஐஎன்பி வந்தது 2024 மார்ச் 12. ஹோம்ஸ்டே தளங்களில் ஐஎன்பியைக் கெடுக்கிறது பெரும்பாலும் அரட்டைப் பெட்டியும் தானா எழும்பும் சலுகை அறிவிப்பும்தான். கேமராவில் எடுத்த பல எம்பி படத்தை அப்படியே ஏத்தாதீங்க. 1600 பிக்சல் அகலம், வெப்பி வடிவம், 200 கேபிக்குள். முதல் பெரிய படத்துக்கு மட்டும் லேஸி லோடு (கீழே உருட்டும்போதுதான் படத்தை ஏத்துறது) வேண்டாம், கீழே உள்ளதுக்கெல்லாம் வையுங்க.

வேகத்தால மட்டும் ரேங்க் தூக்காது. மெதுவா இருந்தா ஆள் போயிடுவார், அவ்வளவுதான்.

ஐந்துரோடு

ஏஐ வெச்சு ஊருக்கு ஒரு பக்கம் போட்டா என்ன? "கொலுசு மொத்த விலை ஆத்தூர்", "நாமக்கல்", "தர்மபுரி", "ஓமலூர்" இப்படி 200 பக்கம். செலவு ஒண்ணும் இல்லையே.

அம்மாபேட்டை எழுத்து

வேண்டாம் தம்பி. 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்த ஸ்பேம் கொள்கையில் இதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு: பயனில்லாத உள்ளடக்கத்தை மொத்தமாகப் பெருக்குவது. ஏஐ எழுதியதா ஆள் எழுதியதா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய பக்கங்களுக்கு டோர்வே பக்கம் (தேடலில் ஆள் பிடிக்க மட்டும் போடும் வாசல் பக்கம்) என்று பழைய விதியும் இருக்கிறது. தண்டனை வந்தால் அந்த 200 பக்கத்தோடு நிற்காமல் போகலாம், உங்கள் நல்ல பக்கங்களும் சேர்ந்து மறையலாம்.

ஆத்தூரில் உண்மையாகவே டெலிவரி உண்டா? எந்த நாளில், எத்தனை கிலோவுக்கு மேல், யார் வண்டியில்? அதை எழுத முடிகிற ஊருக்கு மட்டும் பக்கம் போடு. ஏஐயிடம் வரைவு வாங்குவதில் தவறில்லை, எண்ணும் படமும் உன்னுடையதாக இருக்க வேண்டும்.

மலைச்சரிவு

எல்லாருக்கும் நன்றி. ஏஐ ஊர்திகளைத் தடுக்கணுமா, விடணுமா? ஏஐகளுக்குத் தளத்தைச் சுருக்கிச் சொல்ற எல்எல்எம்எஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பு போடணும்னு ஒரு ஏஜென்சி தனிக் கட்டணம் கேட்கிறாங்க. எஃப்ஏக்யூ (கேள்வி பதில்) ஸ்கீமாவும் சேர்த்து.

அஸ்தம்பட்டி டெக்

ரெண்டுக்கும் காசு கொடுக்காதீங்க. எஃப்ஏக்யூவைத் தேடலில் விரிச்சுக் காட்டுறதை 2023 ஆகஸ்டில் அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. கேள்வி பதிலைப் பக்கத்தில் எழுதுங்க, அது வாசகருக்கு நல்லது. எல்எல்எம்எஸ் கோப்பைத் தன் தேடல் பயன்படுத்துறதில்லைன்னு கூகுள் தரப்பே சொல்லியாச்சு.

தடுப்பு விஷயத்தில் பெயர் பார்த்து முடிவு பண்ணணும். ஜிபிடிபாட் பயிற்சிக்கு எடுத்துப் போகுது; ஓஏஐ-சர்ச்பாட் சாட்ஜிபிடி தேடலில் உங்களைக் காட்ட வருது. முதலாவதை மறிச்சாலும் ரெண்டாவதை விடணும். கூகுள்-எக்ஸ்டெண்டட் என்பதை மறிச்சா ஏஐ ஓவர்வியூவிலிருந்து வெளியே வந்துடலாம்னு நினைக்காதீங்க, அது தேடலைத் தொடாது. தளத்துக்கு முன்னால் காவலா நிற்கிற க்ளவுட்ஃப்ளேர் சேவையைப் பயன்படுத்தினா அமைப்பைத் திறந்து பாருங்க. 2025 ஜூலையிலிருந்து புதிதாச் சேர்ற டொமைன்களில் ஏஐ ஊர்திகளை முன்னிருப்பாவே தடுக்கிறாங்க. ஹோம்ஸ்டேக்கு மறைக்க ரகசியம் எதுவும் இல்லை, கட்டணமும் வழியும் எத்தனை இடத்தில் பரவுதோ அத்தனை நல்லது.

நாலுரோடு விளம்பரம்

மேப்பை யாரும் பேசலையே. சுற்றுலாவுக்கு அடுத்த ரெண்டு வருடமும் மேப்தான் முதல் வாசல். பெயர்ப் பலகையில் இருக்கிற பெயரை மட்டும் வையுங்க. "பெஸ்ட் ரிசார்ட் ஏற்காடு"ன்னு ஒட்டுப் போட்டா பதிவே முடக்கப்படலாம், மீட்க வீடியோ சரிபார்ப்பு வரைக்கும் போகணும். முதன்மை வகை ஒண்ணு, கூடுதலா 9 வரைக்கும் உண்டு, பொருந்துறதை மட்டும் சேருங்க. மலையில், மேப்பில் இடத்தைக் காட்டும் ஊசி பல தடவை பக்கத்து எஸ்டேட்டில் போய் உட்காரும். செயற்கைக்கோள் படத்தில் உங்க கேட் மேல நகர்த்தி வெச்சு, திரும்புற இடத்தின் படத்தையும் ஏத்துங்க. ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுக்கிறது விதிமீறல். அறையைக் காலி பண்றவங்க எல்லார்கிட்டயும் கேளுங்க, சந்தோஷமா இருக்கிறவங்ககிட்ட மட்டும் கேட்கிறதும் கூடாது. எந்த அறை, என்ன சாப்பிட்டாங்க, எந்த வழியில் வந்தாங்கன்னு அவங்களே எழுதினா ஏஐ அந்த வரிகளை எடுத்துக் காட்டும்.

தங்குறவங்க பதிவேட்டில் எழுதின நம்பருக்கு விளம்பரம் அனுப்புற பழக்கத்தையும் இப்பவே நிறுத்துங்க. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தாச்சு. விளம்பரத்துக்குத் தனியா ஒப்புதல் வாங்கி, தேதியோட குறிச்சு வைக்கணும்.

குச்சிக்கிழங்கு

அளவீடு பற்றி ஒன்று விடுபட்டிருக்கிறது. ஏஐ ஓவர்வியூவிலிருந்து வரும் கிளிக் சாதாரணக் கூகுள் கிளிக்கோடு கலந்தே வரும், சர்ச் கன்சோலில் பிரிக்க வழியில்லை. சாட்ஜிபிடி, பர்ப்ளெக்சிட்டி, ஜெமினி ஆகியவற்றிலிருந்து வருவதை ஜிஏ4-ல் (கூகுள் அனலிடிக்ஸ், தளத்துக்கு வருவோரை எண்ணும் கருவி) தனிச் சேனல் குழுவாக அமைத்துக்கொள்ளலாம். தொலைபேசி எண் தொடுதல், வாட்ஸப் பொத்தான், வழி கேட்டல் மூன்றையும் முக்கிய நிகழ்வாகக் குறியுங்கள். மேப் பதிவிலுள்ள தள இணைப்புக்கு யூடிஎம் ஒட்டு (எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறிப்பு) போட்டால் அங்கிருந்து வந்தவர் தனியே தெரிவார். ஏஐயில் உங்கள் பெயரைப் படித்துவிட்டு நேரே பெயரைத் தட்டித் தேடுகிறவர்கள் பெருகுவார்கள். ஆகவே சர்ச் கன்சோலில் சொந்தப் பெயர் வினவல்களின் கிளிக்கை மாதாமாதம் குறித்து வாருங்கள். முன்பதிவுக்கு அழைப்பவரிடம் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுவதையும் விட வேண்டாம், கருவி காட்டாததை அது காட்டும்.

ஜிஏ4-ல் தரவு வைத்திருக்கும் காலம் முன்னிருப்பாக 2 மாதம். நிர்வாகப் பகுதியில் அதை 14 மாதமாக இன்றே மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஆய்வு அறிக்கைகளில் இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு வைத்துப் பார்க்க முடியாது. ஒருமுறை அழிந்தது திரும்ப வராது.